ஒரு மாதத் தாமதத்துக்குப் பத்தாயிரமா? காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கும், தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையில் காப்புரிமை விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் காப்புரிமை (பேட்டன்ட்) முகவராக இருக்கிறேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. என்னிடம் வருபவர்களில் பெரிய நிறுவனத்தார் குறைவு. லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், பம்புக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில் நடத்துபவர்கள், படிப்பு முடித்து ஓரிரு வருடமே ஆன பொறியியல் பட்டதாரிகள், இவர்கள்தான் அதிகம். இவர்களுக்காக ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கெடுவை நீட்டிக்க இடம் தரும் காப்புரிமை விதி 138-இன் கீழ், ஃபார்ம் 4 என்ற படிவம் போட்டு அவகாசம் கேட்கும் தனிநபரிடமும் சிறு தொழில் செய்பவரிடமும் மாதத்துக்கு 10,000 ரூபாய் வாங்குகிறீர்கள். அதைக் குறைக்க வேண்டும்.

முதலில் ஒருவரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம்.

அவர் பொள்ளாச்சிக்கு அருகே தென்னை நார் மில் வைத்திருக்கிறார். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்த பிறகு, நாரோடு ஒட்டிக்கொண்டு வரும் துகளைச் சலித்து எடுக்க வேண்டும். மட்டை ஈரமாக இருந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இயந்திரத்தை நிறுத்தி, ஆள் உள்ளே கை விட்டுச் சுரண்ட வேண்டும். இவரிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அப்படிச் சுரண்டும்போது விரலில் அடிபட்டது. அதற்குப் பிறகுதான், சல்லடை சுற்றும்போதே அடைப்பைத் தானாகத் தட்டிவிடும் அமைப்பு ஒன்றை அவர் செய்தார். ஆறு மாதம் உடைத்தும் சேர்த்தும் பார்த்துச் செய்தது. 2021 ஜனவரியில், யாரோ ஒருவர் உதவியோடு 1,600 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டார். எண் வந்தது. அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டிவிட்டார்.

விண்ணப்பம் போட்டால் அலுவலகம் தானாகவே எடுத்துப் பார்க்கும் என்று அவர் நினைத்திருந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ரேஷன் கார்டுக்கு மனு கொடுத்தவர், "என் மனுவைப் பரிசீலியுங்கள்" என்று இன்னொரு மனுவும் தனிக் கட்டணமும் தர வேண்டியதில்லையே. காப்புரிமையில் தர வேண்டும். ஃபார்ம் 18 போட்டு 4,000 ரூபாய் கட்டி ஆய்வைக் கேட்காவிட்டால், கெடு முடிந்ததும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். அவர் விண்ணப்பித்த காலத்து விதிப்படி கெடு 48 மாதம். 2025 ஜனவரியோடு அது முடிந்தது. அவருக்கு எந்த நினைவூட்டலும் வரவில்லை. மார்ச் கடைசியில் வேறு வேலையாக என்னைப் பார்க்க வந்தவர், பேச்சுவாக்கில் "சார், அது வர எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டார். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாத அவகாசம், மாதத்துக்குப் பத்தாயிரம், ஆக மொத்தம் 30,000. அதன் மேல் ஃபார்ம் 18-க்கு 4,000. அந்த வாரக் கூலிக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் பாதியும், மைத்துனரிடம் வாங்கிய மீதியுமாகக் கட்டினார். விண்ணப்பம் இன்று உயிரோடு இருக்கிறது.

சரி, பணம் கட்டித் தப்பித்தாரே என்று நீங்கள் நினைக்கலாம். தப்பிக்காத இன்னொரு குழுவையும் சொல்கிறேன். மூன்று நண்பர்கள், கல்லூரி கடைசி வருடத்தில் செய்த ஒரு கருவிக்கு 2020-இல் விண்ணப்பித்தார்கள். ஃபார்ம் 18 போட வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். ஒருவர் ஓசூரில் வேலைக்குப் போனார், ஒருவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார், ஒருவர் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொருவரும் மற்றவர் போட்டிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். தொடர்புக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சல் கல்லூரி கொடுத்தது, படிப்பு முடிந்ததும் அதை மூடிவிட்டார்கள். என்னிடம் வந்தபோது ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பதாயிரம் ஆகும் என்றேன். மூவரும் ஃபோனில் பேசிக்கொண்டார்கள். கடைக்காரப் பையன்தான் எனக்குத் திரும்ப அழைத்தான். "விடுங்க சார், இருக்கட்டும்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றை, இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் அது காப்புரிமை இதழில் அறிவிக்கப்படும். வரைபடம், செய்முறை எல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வந்துவிடும். அதற்குப் பிறகு கெடு தவறி விண்ணப்பம் செத்தால், புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட முடியாது. போட்டாலும், "இது ஏற்கெனவே வெளியான விஷயம்" என்று அவருடைய சொந்த விண்ணப்பத்தையே காட்டி மறுப்பார்கள், சட்டப்படி அதுதான் சரியும்கூட. ஆகவே கெடு தவறிய சிறு கண்டுபிடிப்பாளர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. தன் வேலையை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டு, உரிமையை மட்டும் இழந்து திரும்புகிறார். அந்த மூன்று பேருடைய கருவியின் வரைபடம் இப்போதும் உங்கள் தளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.

இனி கணக்குக்கு வருகிறேன். உங்கள் கட்டண அட்டவணையிலேயே, அதே ஃபார்ம் 4-இல், வேறு ஒரு தாமதத்துக்கு வேறு கட்டணம் இருக்கிறது. காப்புரிமை கிடைத்தவர் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டத் தாமதித்தால், காப்புரிமைச் சட்டப் பிரிவு 53(2)-இன் கீழ் ஆறு மாதம் வரை அவகாசம் கேட்கலாம். தனிநபருக்கு அதற்கு மாதம் 480 ரூபாய். காப்புரிமை கையில் கிடைத்து, அதில் சம்பாதிக்க வழி உள்ளவருக்கு 480. இன்னும் எதுவும் கிடைக்காத, கிடைக்குமா என்றே தெரியாத விண்ணப்பதாரருக்கு 10,000. இருபது மடங்குக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இப்படி ஆகட்டும் என்று யாரும் யோசித்து முடிவெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். தனிநபர் ஒரு காப்புரிமையை மூன்றாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை உயிரோடு வைத்திருக்க, இன்றைய மின்வழிக் கட்டணப்படி மொத்தம் 76,800 ரூபாய் ஆகிறது. மூன்றிலிருந்து ஆறு வரை ஆண்டுக்கு 800, பத்து வரை 2,400, பதினைந்து வரை 4,800, அப்புறம் 8,000. விதி 138-இன்படி ஆறு மாத அவகாசத்துக்கு ஆவது 60,000. இருபது வருட உரிமைக்கான விலையில் முக்கால் பங்குக்கு மேல் ஆறு மாதத் தாமதத்துக்கே போய்விடுகிறது. ஒரு நாள் பிந்தினாலும் முழு மாதக் கட்டணம்தான்.

2024 மார்ச் 15 அன்று வந்த திருத்த விதிகளை நான் குறை சொல்ல வரவில்லை. அதில் நல்லது நிறைய இருக்கிறது. அதற்கு முன் விதி 138-இல் ஒரு நீண்ட விலக்குப் பட்டியல் இருந்தது. முக்கியமான கெடுக்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டு, அவகாசமே கிடையாது என்ற நிலை. அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, விதிகள் குறிக்கும் எந்தக் கெடுவையும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம், தாமதத்தை மன்னிக்கலாம் என்று எழுதினீர்கள். அந்த ஆறு மாதத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றீர்கள். என் தொழிலில் இருப்பவர்கள் பல வருடமாகக் கேட்டது அது. நார் மில்காரரின் விண்ணப்பம் பிழைத்ததே அந்த மாற்றத்தால்தான். பழைய விதியில் 34,000 இல்லை, 3 லட்சம் கொடுத்தாலும் பிழைத்திருக்காது. இதை நான் மறக்கவில்லை.

கதவைத் திறந்ததற்கு நன்றி. அந்த வாசற்படி என்னிடம் வருபவர்களுக்கு ஏற முடியாத உயரத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டீர்கள். அப்போதே நான் இதை எழுதியிருக்க வேண்டும். பட்டறைக்காரர்களுக்கு இது எப்படி விழும் என்று அன்று நான் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. அது என் தவறு, அதனால்தான் இப்போது விடாமல் எழுதுகிறேன்.

அதே திருத்தத்தில், ஆய்வு கேட்பதற்கான கெடுவை 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைத்தீர்கள். வேகம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் கெடு சுருங்கும்போது தவறுபவர்கள் கூடுவார்கள், அவர்களில் அதிகம் பேர் முகவர் வைக்க வசதியில்லாதவர்களாக இருப்பார்கள். சமீப ஆண்டுகளில் உள்நாட்டு விண்ணப்பங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. அதில் கல்லூரிகளின் பங்கு பெரிது. மாணவர் படிப்பை முடித்து மூலைக்கு ஒருவராகப் போய்விடுவார், மின்னஞ்சல் மாறும், 31 மாதம் ஓடியே போய்விடும்.

தாமதத்துக்குக் கட்டணமே கூடாது என்று நான் கேட்கவில்லை. கெடு என்பது எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் பாதுகாப்பு. என் வாடிக்கையாளர்களிலேயே, "அந்தக் கம்பெனியின் விண்ணப்பம் என்ன ஆயிற்று, நான் இந்த மாடலை இறக்கலாமா?" என்று கேட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. எதிராளி இஷ்டத்துக்கு இழுத்தடித்தால் நஷ்டம் இவர்களுக்குத்தான். அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும். ஆனால் இந்தக் கட்டணம் யாரைப் பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். பெரிய நிறுவனத்துக்கு மாதம் 50,000. ஆறு மாதத்துக்கு 3 லட்சம். வேண்டுமென்றே இழுத்தடித்துப் போட்டியாளரைத் தொங்கலில் வைக்க நினைக்கும் ஒரு பெரிய மருந்து நிறுவனத்துக்கு 3 லட்சம் ஒரு பொருட்டா? வேண்டுமென்றே தாமதிப்பவர் சிரமமில்லாமல் கட்டிவிட்டுப் போகிறார். தெரியாமல் தவறியவர்தான் மைத்துனரிடம் கடன் கேட்கிறார்.

வேறு இடங்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் ஆய்வறிக்கைக்கு, அதாவது விண்ணப்பத்தை ஆய்வு செய்த அதிகாரி எழுப்பும் ஆட்சேபங்களுக்கு, பதில் தர அவகாசம் கேட்டால் கட்டணம் படிப்படியாக ஏறும். 2025 ஜனவரியில் உயர்ந்த பிறகும் முதல் மாதத்துக்கு 235 டாலர், ஐந்து மாதத்துக்கு மொத்தம் 3,395 டாலர். மிகச் சிறிய விண்ணப்பதாரர் என்று தகுதி பெற்றவருக்கு அதில் 80 சதவீதம் கழிவு. அதாவது முதல் மாதத்துக்கு 47 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 4,000 ரூபாய். அங்கே இது ஆய்வறிக்கைக்கான பதில், இங்கே விதி 138 எல்லாக் கெடுவுக்கும் பொது, ஆகவே நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அமைப்பைக் கவனியுங்கள். முதல் மாதம் லேசாக இருக்கிறது, இழுக்க இழுக்கக் கனக்கிறது. கவனக்குறைவுக்கு ஒரு விலை, இழுத்தடிப்புக்கு வேறு விலை. நம் விதியில் முதல் நாளிலிருந்தே ஒரே கனம். அமெரிக்காவில் கொட்டகையில் உட்கார்ந்து ஒன்றைச் செய்தவர் 4,000 கட்டும் இடத்தில், பொள்ளாச்சிக்காரர் 10,000 கட்டுகிறார்.

விதி 6(5)-ஐயும் இங்கே சொல்ல வேண்டும். போர், புரட்சி, கலவரம், வேலைநிறுத்தம், இயற்கைச் சீற்றம், மின்னணுத் தகவல்தொடர்பு பொதுவாக முடங்கிப்போவது போன்ற காரணங்களால் கெடு தவறினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்கிறது அது. நல்ல விதி. ஆனால் தனி ஆளுக்கு வரும் சீற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடந்தவருக்குப் புயல் அவர் வீட்டுக்குள் மட்டும்தான் அடித்தது. தனியாளாகத் தொழில் செய்பவருக்கு அவரேதான் அலுவலகம், அவரேதான் கணக்கர், அவரேதான் கெடு நோட்டு. அவர் படுத்தால் எல்லாம் படுத்தது.

கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கெடுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏறக்குறைய இரண்டு வருடம். காப்புரிமை முறை அதனால் சரிந்துவிடவில்லை. அவ்வளவு பெரிய தளர்வைத் தாங்கிய அமைப்பு, ஒரு பட்டறைக்காரரின் ஆறு வாரத் தாமதத்தைத் தாங்காதா?

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். போனவர்கள் உண்டு. முகவர் ஆய்வறிக்கைக்குப் பதில் தராமல் விட்டதால் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட விண்ணப்பங்களை, 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. விண்ணப்பதாரருக்குக் கைவிடும் எண்ணமே இருந்ததில்லை, முகவரின் தவறுக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது என்று பார்த்தது. மனிதாபிமானமுள்ள தீர்ப்பு. அந்த வழக்கில் விண்ணப்பதாரர் யார் தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியம். அவர்களால் டெல்லியில் வழக்கறிஞர் வைத்து ரிட் மனுப் போட முடிந்தது. ஃபார்ம் 4-க்கே பணம் புரட்டத் திணறியவர் உயர் நீதிமன்றத்துக்கு எப்படிப் போவார்? அவருக்கு உங்கள் அட்டவணைதான் கடைசி நீதிமன்றம்.

சிறியவர்களுக்குச் சலுகை தர வேண்டும் என்பது அரசு ஏற்றுக்கொண்ட கொள்கைதான், நான் புதிதாகக் கேட்கும் தர்மம் இல்லை. 2020-இல் சிறு நிறுவனங்களின் கட்டணத்தைத் தனிநபர் அளவுக்கு இறக்கினீர்கள். 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கு 80 சதவீதம் குறைத்தீர்கள். விதி 138-இலும் ஐந்தில் ஒரு பங்கு என்ற அந்த விகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். பத்தாயிரம் என்பது ஐம்பதாயிரத்தில் ஐந்தில் ஒன்று. ஆனால் மேலே வைத்த எண் பெரியதாக இருந்ததால் கீழே விழுந்த பங்கும் சுமையாகிவிட்டது. 8,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கான 1,600 கட்டி உள்ளே வந்தவருக்கு, இது பழக்கமே இல்லாத கணக்கு.

நான் கேட்பது இதுதான். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு விதி 138-இன் முதல் இரண்டு மாதங்களுக்குப் புதுப்பிப்புத் தாமதத்துக்கு வாங்கும் அதே 480 ரூபாயை வாங்குங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஏற்றுங்கள். ஆறாம் மாதம் இன்றைய பத்தாயிரத்தைத் தொட்டாலும் நான் வாதாட மாட்டேன். பெரிய நிறுவனங்களுக்கு இப்போதிருப்பதைத் தொடவே வேண்டாம். கெடு முடிவதற்கு முன்பே வந்து அவகாசம் கேட்பவருக்கும், முடிந்த பிறகு ஓடி வருபவருக்கும் இப்போது ஒரே கட்டணம். முன்னால் வருபவருக்குக் குறையுங்கள், அவர் நியாயமாக நடந்துகொள்கிறார். மருத்துவமனைச் சான்றோ, இறப்புச் சான்றோ, முகவரின் தவறுக்கான ஆதாரமோ காட்டினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைக் கட்டுப்பாட்டாளருக்குக் கொடுங்கள். கிண்டியில் இருக்கும் உங்கள் சென்னை அலுவலக அதிகாரிகள் சிலரிடம் ஹியரிங்கில் பேசியிருக்கிறேன். மனமிருந்தும் விதி இடம் கொடுக்காமல் அவர்கள் கையைப் பிசைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணத்தைவிடவும் முக்கியமான இன்னொன்று, நினைவூட்டல். கெடுவுக்கு மூன்று மாதம் முன்பும் ஒரு மாதம் முன்பும் விண்ணப்பதாரரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும். முகவர் இருந்தாலும் விண்ணப்பதாரருக்கு நேரடியாகப் போகட்டும், முகவர் கோட்டைவிட்டால் அவருக்குத் தெரிய வேறு வழி இல்லை. விண்ணப்ப ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. குறுஞ்செய்திக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. "உங்கள் விண்ணப்பத்தை ஆய்வு செய்யக் கேட்கும் கடைசி நாள் இது, ஃபார்ம் 18 போடவும், கட்டணம் 4,000 ரூபாய்" என்று தமிழில் ஒரு வரி வந்திருந்தால், நார் மில்காரர் அன்றே கட்டியிருப்பார். மின்வாரியமும் கேஸ் ஏஜென்சியும் செய்வதைத்தான் கேட்கிறேன்.

2024 மார்ச் 15 அன்று முதல்முறையாக விண்ணப்பம் போட்டவருக்கு 31 மாதக் கெடு முடியும் நாள் 2026 அக்டோபர் 15. அந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்குக் கெடு முடியும். அவர்களில் எத்தனை பேர் விண்ணப்ப எண்ணைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக் காத்திருக்கிறார்களோ தெரியாது. விதியைத் திருத்த நாளாகும் என்றால், குறுஞ்செய்தியையாவது முதலில் தொடங்குங்கள். அதற்கு வரைவு அறிவிப்போ, அரசிதழோ வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டால், பெயர்களை நீக்கிவிட்டு, என் கோப்பில் இருக்கும் ஃபார்ம் 4 ரசீதுகளை எடுத்துக்கொண்டு கிண்டிக்கோ டெல்லிக்கோ என் செலவிலேயே வரத் தயாராக இருக்கிறேன். நார் மில்காரரும் வருகிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு காப்புரிமை முகவர்
கோயம்புத்தூர்